‘இஃப்’ வந்தால் ‘வெரி’ மாறுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் தொடக்கநிலை ஆறில் படிக்கிறான். இந்த ஆண்டு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. துணைப்பாட வகுப்பில் அவன் எழுதிய மூன்று வாக்கியங்களை ஆசிரியர் திருத்தியிருந்தார். “இஃப் தி டீ இஸ் வெரி ஹாட், ஐ கான்ட் டிரிங்க் இட்” என்பதில் ‘வெரி’யை அடித்து ‘டூ’ போட்டிருக்கிறார். “இஃப் யூ ஆர் வெரி பெட்டர் டுமாரோ” என்பதில் ‘வெரி’ போய் ‘மச்’ வந்திருக்கிறது. “இஃப் ஹீ இஸ் இனஃப் டால்” என்பதை ‘டால் இனஃப்’ என்று மாற்றியிருக்கிறார். ‘இஃப்’ வாக்கியத்தில் அட்ஜெக்டிவுக்கு (பெயரடைக்கு) முன்னால் வரும் அட்வெர்புக்கு (அளவைச் சொல்லும் அடைக்கு) தனி விதி உண்டா? முதல், இரண்டாம், மூன்றாம் கண்டிஷனல் (நிபந்தனை வாக்கியம்) என்று வகைக்கு ஏற்ப அதுவும் மாறுமா? என்ன சொல்லிக்கொடுப்பது என்று தெரியவில்லை.

ஒரு வாசகி, செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

தனி விதி இல்லை. மூன்று திருத்தங்களுக்கும் ‘இஃப்’ காரணமே அல்ல. ‘இஃப்’ கை வைப்பது வினைச்சொல்லில். அட்வெர்ப் பார்ப்பது தனக்குப் பக்கத்தில் நிற்கும் அட்ஜெக்டிவை. இவை இரண்டும் வேறு வேறு முடிவுகள். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அதே தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். “இஃப் தி டீ இஸ் டூ ஹாட், ஐ வில் வெயிட்.” “இஃப் தி டீ வெர் டூ ஹாட், ஐ வுட் வெயிட்.” “இஃப் தி டீ ஹேட் பீன் டூ ஹாட், ஐ வுட் ஹேவ் வெயிட்டட்.” இஸ், வெர், ஹேட் பீன் என்று வினை மூன்று சட்டை மாற்றிவிட்டது. ‘டூ ஹாட்’ நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகவே மகனிடம் சொல்ல வேண்டியது இது: ‘இஃப்’ஐத் தூக்கிவிட்டு மிச்சத்தைச் சாதாரண வாக்கியமாகப் படி. “ஹீ இஸ் இனஃப் டால்” காதுக்கே இடிக்கும். அங்கே தவறென்றால் ‘இஃப்’ சேர்த்தாலும் தவறுதான்.

இனி ஒவ்வொன்றாக. முதல் வாக்கியத்தில் அவன் எழுதியதை இலக்கணப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆசிரியர் திருத்தியது நியாயம். நாம் ‘ரொம்பச் சூடு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. ‘வெரி’ அளவு அதிகம் என்று மட்டும் சொல்லும். ‘டூ’ அளவு எல்லை தாண்டிவிட்டது, அதனால் ஏதோ ஒன்று நடக்காது என்று சொல்லும். எனவே எதைப் போடுவது என்பதை வாக்கியத்தின் மறுபாதி தீர்மானிக்கிறது. அங்கே கான்ட், வோன்ட், டோன்ட் என்று ஒரு தடை இருந்தால் பெரும்பாலும் ‘டூ’. “இஃப் இட் இஸ் வெரி ஹாட், டிரிங்க் மோர் வாட்டர்” என்பதில் தடை எதுவும் இல்லை, ‘வெரி’ சரி. “இஃப் இட் இஸ் டூ ஹாட், வீ கான்ட் பிளே அவுட்சைட்” என்பதில் ஆட்டம் நின்றுபோகிறது, ‘டூ’ வேண்டும். கோப்பிக்கடையில் அவன் பேசுவதைக் கவனியுங்கள். “டூ ஹாட் லா, கெனாட் டிரிங்க்” என்று சிங்லிஷில், அதாவது நம் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில், சரியான ‘டூ’வையே போட்டிருப்பான். தாளில் எழுதும்போதுதான் ‘ரொம்ப’ குறுக்கே வருகிறது. இதற்கு எதிர்த்திசையில் ஒரு தவறும் உண்டு. பாராட்டாக நினைத்து “இஃப் யூ ஆர் டூ கிளெவர், யூ வில் வின்” என்று எழுதுவது. அங்கே ‘டூ’ வந்தால் கெட்டிக்காரத்தனமே குற்றம் என்றாகிவிடும்.

‘பெட்டர்’ ஏற்கெனவே ஒப்பீட்டு வடிவம். ஒப்பீட்டு வடிவத்தின் முன் ‘வெரி’ வராது. மச், ஃபார், எ லாட், எ லிட்டில், ஸ்லைட்லி போன்றவை வரும். தமிழில் ‘விட’ என்ற உருபே ஒப்பிடும் வேலையைச் செய்துவிடுகிறது, ‘நல்ல’ என்ற சொல் மாறுவதில்லை. அதனால்தான் நம் பிள்ளைகளிடம் ‘வெரி பெட்டர்’, ‘மோர் பெட்டர்’ இரண்டும் அடிக்கடி வருகின்றன. ‘இனஃப்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் (‘இனஃப் மணி’), அட்ஜெக்டிவுக்குப் பின்னால் வரும் (‘டால் இனஃப்’). அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத ஒன்று, தேர்வில் கேட்கப்படுவது: சில அட்ஜெக்டிவ்கள் ‘வெரி’யை ஏற்காது. இங்கே புகைமூட்டக் காலத்தில் எல்லாரும் பார்க்கும் பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) அட்டவணையே நல்ல பாடம். 101 முதல் 200 வரை ‘அன்ஹெல்தி’. 201 முதல் 300 வரை ‘வெரி அன்ஹெல்தி’. 300ஐத் தாண்டினால் ‘ஹஸார்டஸ்’. கடைசிப் படிக்கு அவர்கள் ‘வெரி வெரி அன்ஹெல்தி’ என்று போகவில்லை, சொல்லையே மாற்றிவிட்டார்கள். ஹாட், டயர்ட், கோல்ட் போன்றவை படி ஏறக்கூடியவை, ‘வெரி’ ஒட்டும். பாயிலிங், எக்ஸாஸ்டட், ஃப்ரீஸிங் போன்றவை உச்சிப் படியிலேயே நிற்பவை. அவற்றுக்கு ‘அப்ஸல்யூட்லி’, ‘கம்ப்ளீட்லி’ மாதிரியானவை பொருந்தும். “இஃப் யூ ஆர் வெரி எக்ஸாஸ்டட், டேக் எ ரெஸ்ட்” என்று எழுதினால் ‘வெரி டயர்ட்’ அல்லது ‘கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட்’ என்று திருத்தச் சொல்லுங்கள்.

‘இஃப்’ஐத் தூக்கிப் பார்க்கும் வழி பலிக்காத இடங்களும் உண்டு. “இஃப் இட் கெட்ஸ் எனி ஹாட்டர், வீ வில் கோ இன்” சரி. ‘இஃப்’ஐ எடுத்தால் “இட் கெட்ஸ் எனி ஹாட்டர்” என்று அந்தரத்தில் தொங்கும். ஒப்பீட்டுக்கு முன் வரும் இந்த ‘எனி’யும், “இஃப் யூ ஆர் அட் ஆல் அன்ஷ்யூர், ஆஸ்க்” என்பதில் உள்ள ‘அட் ஆல்’உம், நிபந்தனை, எதிர்மறை, கேள்வி இந்த மூன்று இடங்களிலும் இயல்பாக வருபவை. நேரான உடன்பாட்டு வாக்கியத்தில் அவற்றுக்கு இடமில்லை. ‘இன்னும் கொஞ்சம் சூடு ஏறினால்கூட’ என்ற நம் தொனிக்கு ‘எனி ஹாட்டர்’ மிக நெருக்கம். கட்டுரையில் ஒரு முறை சரியாக வந்தால் வாசிப்பவருக்குத் தனியாகத் தெரியும்.

உண்மையில் மதிப்பெண் போகும் இடம் சிந்தஸிஸ் அண்ட் டிரான்ஸ்ஃபர்மேஷன், அதாவது கொடுத்த வாக்கியத்தைப் பொருள் மாறாமல் வேறு வடிவில் எழுதும் பகுதி. 5 கேள்விகள், 10 மதிப்பெண். ஒன்றை முழுதாகச் செய்து பார்ப்போம். கொடுத்திருப்பது: “தி பாக்ஸ் வாஸ் டூ ஹெவி ஃபார் ரவி டு லிஃப்ட்.” ‘இஃப்’ என்று தொடங்க வேண்டும். பிள்ளைகள் வழக்கமாக எழுதுவது: “இஃப் தி பாக்ஸ் வாஸ் நாட் டூ ஹெவி, ரவி குட் லிஃப்ட் இட்.” இதில் காலம் தவறிவிட்டது. நடந்து முடிந்த கதை இது, ரவியால் தூக்க முடியவில்லை. எனவே முதல் வேலை, நடந்ததைத் தலைகீழாக்குவது: கனமாக இருந்தது, முடியவில்லை, கனமாக இல்லை என்றால், முடிந்திருக்கும். இரண்டாவது வேலை காலம். இங்கே தமிழ் நன்றாகவே கைகொடுக்கும். ‘இருந்தால், தூக்குவான்’ என்று சொல்கிறோமா, ‘இருந்திருந்தால், தூக்கியிருப்பான்’ என்று சொல்கிறோமா? ‘இருந்திருந்தால்’ வாயில் வந்தால் ‘ஹேட் பீன்’. ‘தூக்கியிருக்க முடியும்’ வந்தால் ‘குட் ஹேவ் லிஃப்டட்’. அட்வெர்ப் கடைசியில். ‘டூ ஹெவி’ என்பது ‘நாட்’டுக்குப் பின்னால் ‘ஸோ ஹெவி’ ஆகிறது, ஏனென்றால் பெட்டி எவ்வளவு கனம் என்பது முன்பே தெரிந்த விஷயம்; ‘அவ்வளவு கனமாக இல்லாமல் இருந்திருந்தால்’ என்று அதைச் சுட்டுகிறோம். விடை: “இஃப் தி பாக்ஸ் ஹேட் நாட் பீன் ஸோ ஹெவி, ரவி குட் ஹேவ் லிஃப்டட் இட்.” நடுவில் காற்புள்ளி. கடைசி ‘இட்’டை விழுங்கிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும், மூல வாக்கியத்தில் அது இல்லை, நாம்தான் சேர்க்க வேண்டும். இந்த வரிசையிலேயே ஒரு வாரம் செய்யட்டும். அட்வெர்பை முதலில் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்குக் காலம் நழுவிவிடுகிறது.

கடைசியாக ‘ரியலி’. இதற்கு நிற்கும் இடம் முக்கியம். “இஃப் யூ ஆர் ரியலி சிக், சீ எ டாக்டர்” என்றால் பெரும்பாலும் நோயின் கடுமையைச் சொல்கிறோம், ‘ரியலி’ ‘சிக்’கோடு சேர்கிறது. ‘ஆர்’க்கு முன்னால் நகர்த்தி “இஃப் யூ ரியலி ஆர் சிக்” என்றால், நோய் உண்மையா என்ற சந்தேகம் வந்துவிடும். அடுத்த கேள்வி “எம்சி (மருத்துவச் சான்றிதழ்) எங்கே?” என்பதாகத்தான் இருக்கும். பள்ளிக்குக் கடிதம் எழுதும்போது நீங்களும் இதைக் கவனியுங்கள்.