எம்.எட். படித்தால் ஆசிரியருக்குத் தொடர்புகளும் தலைமைப் பண்பும் வளருமா?

எனக்கு வளர்ந்தது. அதில் பெரும்பகுதி ஆய்வேட்டுக்காகப் பஸ் ஏறி அலைந்த நாட்களில்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, வேலையை விட்டுத்தான் சேர்ந்தேன். 2015-இல் எம்.எட்.டை இரண்டு வருஷப் படிப்பாக்கியிருந்தார்கள். அத்தனை நாள் சம்பளமில்லாமல் இருப்பதற்கு வீட்டில் லேசில் சம்மதம் கிடைக்கவில்லை. அதுவரை எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்கள் மட்டும்தான்.

என் ஆய்வு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குறை எண்களைக் கழிப்பதில் செய்யும் தவறுகள் பற்றியது. முக்கூடல், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று வினாத்தாள் கட்டோடு பள்ளி பள்ளியாகப் போனேன். கல்லிடைக்குறிச்சியில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு டீச்சர், "தாளக் குடுத்துட்டுப் போயிராதீங்க, நான் நடத்துறதையும் இருந்து பாருங்க" என்றார். போர்டில் தாமிரபரணிப் படித்துறையை வரைந்தார். தண்ணீர் தொடும் படி பூஜ்யம். "ஏல, தண்ணிக்குள்ள மூணாம் படியில நிக்கவன் மேல ரெண்டாம் படிக்கு வர எத்தன படி ஏறணும்?" வகுப்பே "அஞ்சு" என்றது. 2 − (−3) = 5. இதையே நான் வெறும் விதியாக எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்! திரும்பி வரும் வழியெல்லாம் அதே வருத்தம்.

ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்த வகுப்புத் தோழர் ஒருவரிடம் சொன்னேன். "எங்க ஊர்ல ஆறு ஏது டீச்சர், கிணத்துப் படின்னு சொல்லுதேன்" என்றார்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். நமக்கு நெருங்கியவர்கள் அறிந்தது பெரும்பாலும் நாமும் அறிந்ததாகவே இருக்கும். புதிய செய்தி லேசான பழக்கமுள்ளவர்கள் வழியாகவே அதிகம் வரும் என்பது அவர் வாதம். படித்தபோது அந்தப் படித்துறைதான் கண்ணில் நின்றது.

தலைமைப் பண்பு பற்றிக் கேட்டீர்கள். பயிற்சியின்போது பி.எட். மாணவிகளின் வகுப்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். ஒருத்தி பாடம் சரியாக வராமல் அழுதுவிட்டு, "எக்கா, நாளைக்கு எப்படி ஆரம்பிக்கட்டும்?" என்று வந்து நின்றாள். சாயங்காலம் வரை இருந்து இருவரும் பாடத்தைத் திருத்தினோம். எனக்கு அப்போது எந்தப் பதவியும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து யார் வகுப்பைப் பார்த்தாலும், இவருக்கு நான் எதில் கைகொடுக்கலாம் என்றே மனம் போகிறது.

நீங்கள் சேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். ஆய்வு முடிந்ததும் முடிவுகளை அந்தந்தப் பள்ளிக்கே கொண்டுபோய்ச் சொல்லுங்கள். தாள் வாங்கிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்று என்னிடம் மூன்று பள்ளிகளில் சொன்னார்கள். நான் போனேன். கல்லிடைக்குறிச்சி டீச்சர் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் பின்னம் நடத்துவதற்கு முன் எனக்குப் போன் செய்கிறார்.