சொல்லக் கூசும் தவறுகள்: பட்டறைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "பெயரைப் போட்டுவிடாதீர்கள்" என்று முடிந்திருந்தன. போடவில்லை, ஊரோடு நிறுத்திக்கொண்டேன். முப்பது வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். என்னை அதிகம் அலைக்கழித்தவை பெரிய பழுதுகள் அல்ல. "நன்றாகத்தான் ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது" என்ற ஒற்றை வரியோடு விட்டுச்செல்லப்பட்ட வண்டிகள்தான். நடந்ததை அப்படியே சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். சொல்லாததால் இரண்டு நாள் பிரித்துத் தேடியிருக்கிறேன். அந்தக் கூலியும் வண்டிக்காரர் தலையில்தான் விழுந்தது. ஆகவே கூச்சத்தை விட்டு எழுதிய எல்லோருக்கும் நன்றி.

டீசல் காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டேன். டேங்கில் ஏற்கெனவே பாதி டீசல் இருந்தது. பத்து லிட்டர் பெட்ரோல் போன பிறகுதான் பில்லைப் பார்த்தேன். பங்கிலிருந்து கிளம்பி ஒரு கிலோமீட்டர் வந்து, பயந்து ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். மேலே டீசலை நிரப்பி ஓட்டிவிடலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. — நாமக்கல்

வேண்டாம். சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். பல கார்களில் சாவியை ஒரு கட்டம் திருப்பினாலே டேங்கில் இருக்கும் பம்ப் ஓடத் தொடங்கி, கலந்த எண்ணெயை முன்னால் தள்ளிவிடும். நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள், அல்லது இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

"கொஞ்சம் கலந்தால் ஒன்றும் ஆகாது" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அது பழைய டிராக்டர், பழைய வேன் காலத்துப் பேச்சு. இப்போதைய காமன் ரயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் வெறும் எரிபொருள் மட்டுமல்ல, உயர் அழுத்தப் பம்ப்புக்கு அதுதான் எண்ணெய். அந்தப் பம்ப் ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல், சில வண்டிகளில் இரண்டாயிரம் பார் வரை அழுத்தம் கொடுக்கிறது. நம் கார் டயரில் இருப்பது இரண்டு பாரை ஒட்டித்தான் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனை அழுத்தத்தில் இரும்போடு இரும்பு உரசாமல் நடுவே நிற்பது டீசலின் வழவழப்பு. பெட்ரோல் அதைக் கழுவிவிடும். உரசலில் உதிரும் துகள், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் போய்ச் சேரும். அதன் பிறகு பம்ப், குழாய், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு.

நீங்கள் ஓட்டியது ஒரு கிலோமீட்டர்தான். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். டேங்கை முழுதாக வடித்து, குழாய்களைக் கழுவி, டீசல் ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட விடாதீர்கள். உங்கள் கண்முன்னே அறுத்து, அதில் வடியும் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். வெள்ளிப் பொடி தூவியதுபோல் மின்னினால் பம்ப் அடிவாங்கிவிட்டது. மின்னாவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். வடிக்கும் வேலையை வீட்டு வாசலில் செய்யவே கூடாது. பெட்ரோல் கலந்த டீசலுக்கு ஒரு பொறி போதும்.

பெட்ரோல் காரில் டீசல் போய்விட்டால் புகைந்து, இருமி நின்றுவிடும். அதையும் வடிக்கத்தான் வேண்டும் என்றாலும் சேதம் இந்த அளவுக்கு இருக்காது. இனிமேல் பங்கில் மூடியை நீங்களே இறங்கித் திறந்து, "டீசல்" என்று வாயால் சொல்லுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பணத்தை நீட்டியவர்களிடமிருந்துதான் இந்தக் கதையை அதிகம் கேட்டிருக்கிறேன். வீட்டிலும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாளைக்கு வேறு யாராவது சாவியை எடுத்து ஸ்டார்ட் செய்துவிட்டால்?

வேலை முடிந்து கிளம்பும்போது பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. உச்சி வெயிலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் கைப்பிடியில் இருந்த சிவப்புச் சுவிட்சைத் தட்டினார், உடனே கிளம்பிவிட்டது. அந்தச் சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிடலாமா? — வேலூர்

ஒட்டாதீர்கள். வண்டியோடு கீழே விழுந்தால், கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமலே இன்ஜினை நிறுத்துவதற்காக வைத்த சுவிட்ச் அது. சைக்கிள் நிறுத்தத்தில் யாரோ ஒரு குழந்தை தட்டிவிட்டுப் போயிருக்கும். கிளம்பாத பைக்கை இந்த வரிசையில் பாருங்கள்: சிவப்புச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, நியூட்ரல், பெட்ரோல் குழாய். நான்கும் சரியாக இருந்தால் மட்டும் தள்ளுங்கள்.

பிரேக் ஆயில் குறைந்திருப்பதாக விளக்கு எரிந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகன், வீட்டில் மிச்சமிருந்த இன்ஜின் ஆயிலை அந்தக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டான். அவன் அப்பா திட்டுவார் என்று உறிஞ்சி எடுத்துவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றியிருக்கிறோம். போதுமா? — கும்பகோணம்

போதாது அம்மா. அந்தக் காரை யாரும் எடுக்கக் கூடாது, தெருமுனை வரைகூட.

தவறு உங்கள் மகனுடையது மட்டுமல்ல. நம் ஊரில் அதற்கு "பிரேக் ஆயில்" என்றே பெயர் வைத்துவிட்டோம். ஆயில் என்றால் ஆயில்தானே என்று பிள்ளை நினைத்திருக்கிறான். உண்மையில் டாட் 3, டாட் 4 என்று குப்பியில் எழுதி விற்கும் அந்தத் திரவம் பெட்ரோலிய எண்ணெயே அல்ல, கிளைக்கால் என்ற வேறு வேதிப்பொருள் வகை. பிரேக் அமைப்பில் உள்ள ரப்பர் வளையங்கள் அந்தத் திரவத்துக்கென்றே செய்தவை. அவற்றில் இன்ஜின் ஆயில் பட்டால் ஊறவைத்த கொண்டைக்கடலைபோல் உப்பிவிடும். உப்பிய ரப்பர் தன் இடத்துக்குத் திரும்பாது. மிதியை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே நிற்கும், சக்கரம் சூடாகும். சில நாளில் அதே ரப்பர் கசிந்து பிரேக்கே இல்லாமலும் போகும்.

மேலே உறிஞ்சியதால் எல்லாம் வந்துவிடாது. பெடலை எத்தனை முறை மிதித்தீர்களோ அத்தனை முறை அது உள்ளே இறங்கியிருக்கும். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரங்களில் பிரேக்கை அழுத்தும் காலிப்பர், வீல் சிலிண்டர் ஆகியவற்றின் ரப்பர்களை மாற்றி, குழாய்களைக் கழுவ வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். செலவு வரும். உங்கள் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுங்கள்; தெரியாமல் அவர்தான் அந்தக் காரை எடுப்பார். இன்னொன்றும் கேளுங்கள்: கிண்ணத்தில் திரவம் ஏன் குறைந்தது? பெரும்பாலும் பிரேக் பேடு தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசிகிறது. ஊற்றி நிரப்பினால் விளக்கு அணையும், காரணம் அப்படியே இருக்கும்.

பைக் செயினைத் துடைக்கும்போது சென்டர் ஸ்டாண்டு போட்டு, முதல் கியரில் இன்ஜினை ஓடவிட்டுத் துணியைப் பிடிக்கிறேன். சீக்கிரம் முடிகிறது. போன வாரம் துணி மாட்டி, நகம் மட்டும் பிய்ந்தது. நண்பர்களிடம் கதவில் நசுங்கியதாகச் சொன்னேன். இதற்கு நல்ல கையுறை எது? — திருப்பூர்

தம்பி, கையுறை வேண்டாம். இன்ஜினை நிறுத்து. உரிமையோடுதான் ஒருமையில் எழுதுகிறேன்.

என்னோடு வேலை கற்றுக்கொண்ட ஒரு பையன் இதே வேலையைச் செய்தான். மண்ணெண்ணெய் டின், கையில் ஒரு பிடி பனியன் வேஸ்ட் (கழிவுத் துணி), இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. வேஸ்டிலிருந்து ஒரு நூல்தான் பல்சக்கரத்தின் பல்லில் மாட்டியது. அலறல்கூட உடனே வரவில்லை. அவன் கையை உதறினான், தரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது, அப்புறம்தான் எங்களுக்குப் புரிந்தது. ஆட்காட்டி விரலின் முதல் கணு போய்விட்டது. இன்றைக்கும் அவன் நட்டை நடுவிரலால்தான் திருகுகிறான்.

மெதுவாகத்தானே ஓடுகிறது என்று நீ சொல்வாய். கணக்குப் போட்டுப் பார். நூறு, நூற்றைம்பது சிசி வண்டி முதல் கியரில் ஐடிலில் ஓடினாலே செயின் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் நகர்கிறது. துணி மாட்டியதை உணர்ந்து கையை இழுக்க மனிதனுக்குக் கால் நொடியாவது வேண்டும். அதற்குள் செயின் பத்து சென்டிமீட்டர் போயிருக்கும். உன் விரலுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே அத்தனை இடம் இருந்ததா? கையுறை போட்டால் மாட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் துணி கிடைக்கும், அவ்வளவுதான்.

சரியான முறை இது. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடு. நியூட்ரல், சென்டர் ஸ்டாண்டு. துணிக்குப் பதில் நீளக் கைப்பிடி உள்ள பிரஷ். பின்சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்று. கீழ்ப்பக்கச் செயினில் வேலை செய்தால், அந்தத் திசையில் செயின் பின் பல்சக்கரத்தைவிட்டு விலகித்தான் போகும். உன் கையை உள்ளே இழுக்காது. பத்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

இதைப் படிக்கும் எல்லோரும் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியபடி 108-ஐ அழையுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் கதவு, ஜன்னல் என்று சொல்லாதீர்கள். நசுங்கிய காயமா, அறுபட்ட காயமா, கிரீஸ் கலந்ததா என்பதைப் பொறுத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

புது டிரில் மெஷின் செங்கல் சுவரில் இறங்கவே இல்லை. அரை மணி நேரம் அழுத்தியதில் பிட் கறுத்துவிட்டது. மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். — ஆவடி

கடைக்குப் போவதற்கு முன் ட்ரிகரின் மேலே இருக்கும் சின்ன நெம்புகோலைப் பாருங்கள். ரிவர்ஸில் இருக்கும் என்று நினைக்கிறேன். முனை எதிர்த்திசையில் சுற்றினால் தேய்க்கும், அறுக்காது. அப்படியில்லை என்றால் சுத்தியல் படத்தின் பக்கம் திருப்பாமல் ஓட்டியிருப்பீர்கள், அல்லது மரத்துக்கான பிட்டைச் சுவரில் போட்டிருப்பீர்கள். சுவருக்கான பிட்டின் நுனியில் அம்புபோல் ஒரு கார்பைடு தகடு தனியாகப் பற்றவைத்திருக்கும், தடவினாலே தெரியும். கறுத்த பிட்டைத் தூக்கிப் போடுங்கள், மெஷின் நன்றாகவே இருக்கும்.

பைக்கின் முன் பிரேக் காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்று தொலைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் அதே தடிமனில் பார்த்து வாங்கி மாட்டினேன். மூன்று சுற்று கையால் போனது, பிறகு ஸ்பானரால் இறுக்கி ஏற்றிவிட்டேன். ஓடுகிறது. பரவாயில்லைதானே? — திண்டுக்கல்

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. மூன்று சுற்றுக்குப் பிறகு இறுகியதே, அங்கேயே அது "நான் வேறு மரை (திருகு வரி)" என்று சொல்லிவிட்டது. பத்து மில்லிமீட்டர் போல்ட் என்றாலும், வண்டிகளில் பல இடங்களில் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. முதல் சில சுற்று ஏமாற்றிக்கொண்டு போகும். அப்புறம் நீங்கள் ஸ்பானரால் கொடுத்த பலம் முழுவதும் அலுமினிய மரையை அறுப்பதற்குத்தான் போயிருக்கிறது.

கண்ணால் பார்த்துப் பொருத்துவது எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து மாலகாவுக்குக் கிளம்பிய விமானம் சாட்சி. அதற்குச் சுமார் 27 மணி நேரம் முன்பு விமானியறைக் கண்ணாடியை மாற்றியவர், பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதேபோல் இருப்பதைத் தேடி எடுத்தார். 90 போல்ட்களில் 84 தேவையான விட்டத்தைவிடச் சுமார் 0.66 மில்லிமீட்டர் சிறியவை. பதினேழாயிரம் அடிக்கு மேலே கண்ணாடி பெயர்ந்து, தலைமை விமானி இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். தலைமை விமானி உட்பட எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அந்தப் போல்ட்டை மாட்டியவர் அனுபவசாலி. அதனால்தான் இந்தச் சம்பவத்தை என் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இன்றைக்கே அந்தப் போல்ட்டைக் கழற்றுங்கள். துளையில் மரை மிச்சம் இருந்தால் மரை வெட்டும் கருவியான சரியான டேப்பைப் போட்டுச் சுத்தம் செய்து, கம்பெனி போல்ட்டை வாங்கி மாட்டலாம். அறுந்திருந்தால் லேத் பட்டறையில் எஃகுச் சுருள் வைத்துத் தருவார்கள். அதுவரை பஸ்ஸில் போங்கள்.

மகளுடைய சைக்கிளின் இடது பெடலைக் கழற்ற முடியவில்லை. ஸ்பானரில் ஒரு மீட்டர் இரும்புக் குழாயைச் சொருகி, ஏறி மிதித்தேன். ஸ்பானர் வாய் விரிந்துவிட்டது. — யாழ்ப்பாணம்

ஐயா, இவ்வளவு நேரமும் நீங்கள் இறுக்கிக்கொண்டிருந்தீர்கள். இடது பெடலுக்கு எதிர் மரை, கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். வலதுபோலவே மரை போட்டிருந்தால், மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகவே கழன்றுவிடும். அதற்காகத்தான் அப்படி வைத்தார்கள். வீட்டில் மேஜை மின்விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியும் பெரும்பாலும் எதிர் மரைதான். வெல்டிங் பட்டறையில் அசிட்டிலீன் குழாய்க்கு எதிர் மரை, ஆக்சிஜனுக்கு நேர் மரை. ஒன்றை மற்றதில் மாட்டிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

பெடலுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிக்கொண்டு, பின்சக்கரம் இருக்கும் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பெடலும் அந்தத் திசையில்தான் கழலும். இப்போது இறுகிப்போயிருப்பதால் முதலில் மரையில் துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். விரிந்த ஸ்பானரை மறுபடி பயன்படுத்த வேண்டாம், வழுக்கினால் விரல் முட்டி கிராங்கில் (பெடலைத் தாங்கும் இரும்புக் கை) போய் இடிக்கும். புதுப் பெடலின் அச்சு நுனியில் எல், ஆர் என்று ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கும், எல் இடது. கொஞ்சம் கிரீஸ் தடவி, விரலாலேயே நான்கு சுற்று ஏறிய பிறகு ஸ்பானரை எடுங்கள்.