முதலில் இருக்கை, பிறகு ரேக்

கேள்வி: 400 சதுர அடியில் பொட்டிக் தொடங்குகிறேன். வாங்காதவர்களும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற இடமாக அது இருக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: இருக்கையிலிருந்து. உடை போட்டுப் பார்ப்பவரோடு பெரும்பாலும் இன்னொருவர் வந்திருப்பார். அவருக்குக் கால் வலித்தால் இருவருமே கிளம்பிவிடுவார்கள். டிரயல் ரூமுக்கு எதிரே இரண்டு பேர் உட்காரப் போடுங்கள். ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வெளியே வையுங்கள். உடுத்தியவர் வந்து காட்ட, மற்றவர் கருத்துச் சொல்ல, பேச்சு அங்கேதான் பிறக்கும். அதற்காக உள்ளே கண்ணாடி இல்லாமல் விட்டுவிடாதீர்கள். பலர் முன்னால் வந்துதான் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது கொடுமை.

விளக்கில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். தலைக்கு நேர் மேலே மட்டும் வெளிச்சம் கொடுத்தேன். கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எல்லோர் முகமும் களைத்துத் தெரிந்தது. பிறகு கண்ணாடியின் இரு பக்கமும் 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்), சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் உள்ள விளக்குகளாக மாற்றினோம். துணியின் நிறமும் சரியாகத் தெரிந்தது.

நியூயார்க்கில் 2001இல் திறந்த பிராடா ஃபேஷன் கடையில், கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் காலணி அடுக்கும் படிகளையே நிகழ்ச்சி நாளில் பார்வையாளர் உட்காரும் படிகளாக்கினார். உங்களுக்கு அவ்வளவு இடம் கிடையாது. ஆனால் நடுவில் உள்ள ரேக்குகளுக்குச் சக்கரம் பூட்டலாமே! ஓரமாகத் தள்ளினால் பத்துப் பேர் வட்டமாக உட்காரலாம்.

சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். டிரயல் ரூமின் அளவை அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.