ஹிட்ச் கேரியரில் கிளாசிக் 350: வண்டி ஆடுவது ஏன்?
பெங்களூரிலிருந்து சேலத்துக்கு, பிக்கப்பின் பின்னால் மாட்டும் ஹிட்ச் கேரியரில் (பைக்கைத் தாங்கும் இரும்புத் தட்டு) கிளாசிக் 350-ஐ ஏற்றினால் பிக்கப்பின் ஸ்டியரிங் லேசாகி, பைக் ஆடுதுன்னு கேட்டிருந்தீங்க. கிளாசிக் 350 மட்டும் 195 கிலோ. கேரியர் இரும்பு தனி. இவ்வளவும் பிக்கப்பின் பின் ஆக்சிலுக்கு வெளியே தொங்குவதால் அதன் முன் சக்கரங்கள் மேல் பாரம் குறையுது. டோ பாரில் (கேரியரை மாட்டும் பின்பக்க இரும்புக் கம்பி) குறிச்சிருக்கிற செங்குத்து எடை வரம்பை முதல்ல பாருங்க. அதைத் தாண்டினா கேரியரே வேண்டாம், பிக்கப்பின் சரக்குத் தளத்திலோ டிரெய்லரிலோ ஏத்துங்க.

வரம்புக்குள்ளதான்னா, ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் கேரியரைச் செருகும் ரிசீவர் குழாயில் உள்ள இடைவெளி. யூ போல்ட் கிளாம்ப் போட்டு இறுக்குங்க. பைக்கின் சைடு ஸ்டாண்டை மேலே மடக்கிடுங்க. பைக்கைக் கட்டும் முன்பக்க ராட்செட் பெல்ட் (நெம்புகோலால் இறுக்கும் பெல்ட்) ரெண்டும் ஹேண்டில்பாரில் வேண்டாம், ஃபோர்க் (முன் சக்கர சஸ்பென்ஷன்) குழாய்களைப் பிடிச்சிருக்கிற அடிப்பக்க கிளாம்ப்பில் மாட்டுங்க. ஃபோர்க் பாதி அமுங்கினா போதும். பெல்ட் உரசும் இடத்தில் துணி சுத்துங்க. பிக்கப் சைலன்சர் புகை பைக் டயரில் நேரா அடிச்சா ரப்பர் கெட்டுடும். அத்திப்பள்ளி டோல் தாண்டினதும் ஓரங்கட்டி பெல்ட்டை மறுபடி இறுக்குங்க; தளர்ந்திருக்கலாம்.