மருத்துவர் பதில்கள்: நுரையீரல் புற்றுநோயும் ரத்தத்தில் கூடும் நொதிகளும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக பீடி பிடித்தவர். மூன்று வாரங்களுக்கு முன் நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்று சொன்னார்கள். சதைப் பரிசோதனையில் 'அடினோகார்சினோமா' என்னும் புற்றுநோய் வகை என்று வந்திருக்கிறது. ரத்த ரிப்போர்ட்டில் எல்.டி.எச். 486 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. என் சித்தப்பா மகன் அதைச் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, இது கூடினால் அதிக நாள் தாங்காது என்கிறான். அவரை வீணாக அலைக்கழிக்க வேண்டாம் என்று அண்ணனும் சொல்கிறார். அந்த எண்ணுக்கு உண்மையில் என்ன பொருள் ஐயா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துச் சிகிச்சை வேண்டாம் என்று எந்தப் புற்றுநோய் மருத்துவரும் முடிவு செய்யமாட்டார். உங்கள் வீட்டிலும் அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

எல்.டி.எச். என்பது லாக்டேட் டிஹைட்ரஜினேஸ் என்னும் நொதி. நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் அது இருக்கிறது. சர்க்கரை உடைந்து உண்டாகும் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றுவது அதன் வேலை. ஓடும்போதும் சுமை தூக்கும்போதும் தசைக்கு ஆக்சிஜன் போதாமல் போனால் இந்த வழி கைகொடுக்கிறது. புற்றணுவோ, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதும் பெரும்பாலும் இந்த வழியிலேயே சர்க்கரையைச் செலவழிக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டு சொன்னார். வேகமாகப் பெருகும் கட்டியில் இந்த நொதி மிகுதியாக இருக்கும். அணுக்கள் சிதையும்போது அது ரத்தத்தில் கசியும். ஆகவே கட்டியின் சுமை கூடுதலாக உள்ளவர்களிடமும், கல்லீரல், எலும்பு போன்ற இடங்களுக்கு நோய் பரவியவர்களிடமும் இதன் அளவு உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. உங்கள் சித்தப்பா மகன் படித்தது பொய்யல்ல: அளவு கூடியிருக்கும் நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தால், கூடாதவர்களைவிட அவர்களின் ஆயுள் சராசரியில் குறைவாகவே இருக்கிறது. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. வேலூரின் மே மாதச் சராசரி வெயிலைச் சொன்னால், உங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் இன்று எவ்வளவு காயும் என்று தெரிந்துவிடாதல்லவா?

அடுத்து, 486 என்பது கூடுதல்தானா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இந்த நொதியை அளக்க இருவகை முறைகள் உண்டு. ஒன்றில் இயல்பான மேல் எல்லை ஏறத்தாழ 250 யூனிட். மற்றொன்றில் அது 450ஐயும் தாண்டும். எனவே எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். சிவப்பணுக்களுக்குள் இந்த நொதி ரத்தநீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு இருப்பதால், ஊசியில் இழுக்கும்போதோ வழியில் குலுங்கியோ அவை உடைந்தால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாமல் அளவு ஏறிவிடும். நான் பயிற்சி மருத்துவராக இருந்த நாளில், ஒரு கோடை மதியம் நெடுந்தூரம் பயணப்பட்டு வந்த ரத்த மாதிரியின் முடிவைக் கேட்டு ஒரு குடும்பம் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தபோது அளவு இயல்பாக இருந்தது. அந்த முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. மாரடைப்பு, கல்லீரல் அழற்சி, தசைக் காயம், சில வகை ரத்தசோகை, நிமோனியா ஆகியவற்றிலும் இது கூடும்.

மருத்துவர்கள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னால் உங்களுக்குத் தெளிவாகும். நோயின் நிலை, நோயாளி எழுந்து நடமாடித் தம் வேலையைத் தாமே செய்துகொள்கிறாரா என்பது, எடை இழப்பு ஆகியவற்றோடு சேர்த்து எடைபோடும் ஒரு சிறு கல்லாகவே இதை வைக்கிறார்கள். நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி பெறுபவர்களுக்காக 2018இல் வெளியான ஒரு மதிப்பெண் முறையும் அப்படித்தான்: எல்.டி.எச். இயல்பு எல்லையைத் தாண்டினால் ஒன்று, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கையை மற்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவது 3ஐத் தாண்டினால் ஒன்று. இரண்டும் இல்லாதவர்களுக்கு நல்ல முன்கணிப்பு, இரண்டும் உள்ளவர்களுக்கு மோசமான முன்கணிப்பு. இதிலும் எந்த மருந்து கேட்கும் என்ற விடை கிடையாது. நோயின் போக்கைச் சொல்லும் அடையாளம் வேறு, மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் அடையாளம் வேறு. செல்போன் தேடலில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

உங்கள் அப்பாவுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் அந்த இரண்டாம் வகை அடையாளம்தான். எடுத்த சதையில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்களும் பி.டி.எல்.1 என்னும் புரதத்தின் அளவும் பார்த்தார்களா என்று கேளுங்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தால், அதற்கென்றே உள்ள மாத்திரைகளால் நோயைக் கட்டுக்குள் வைக்க முடியும். இந்த மாற்றங்கள் புகைபிடிக்காதவர்களிடம் அதிகம் என்றாலும், பீடி பிடித்தவர் என்பதற்காகப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. சிகிச்சை தொடங்கியபின் அதே லேபில் எல்.டி.எச். பார்த்து, அது இறங்குகிறதா என்று கவனித்தால் அந்த எண்ணால் ஓரளவு பயன் உண்டு. செலவு பற்றிய அச்சத்துக்கு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தெந்தச் சிகிச்சைகள் வரும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் நேரில் விசாரியுங்கள். அண்ணனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் அவர் மனம் மாறக்கூடும்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகத் தோல் பதனிடும் தொழிலில் இருக்கிறேன். சிகரெட்டும் உண்டு. எல்.டி.எச்., என்.எஸ்.இ. ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு லேபில் 'பேக்கேஜ்' சொல்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: வேண்டாம். என்.எஸ்.இ. என்பதும் சர்க்கரையை உடைக்கும் வரிசையில் வரும் ஒரு நொதியே. ஈனோலேஸ் என்பதன் ஒரு வகை. சிறு உயிரணு வகை நுரையீரல் புற்றுநோயில் அது உயர்வதால், நோய் உறுதியானவர்களிடம் சிகிச்சையின் பலனைக் கவனிக்க உதவுகிறது. நோயில்லாதவரிடம் நோயைத் தேட உதவாது. சிவப்பணு உடைந்தால் இதுவும் பொய்யாக ஏறும். தொடக்க நிலைக் கட்டி உள்ளவரிடம் இரண்டுமே இயல்பாக இருந்து, 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும் என்பதே என் பெரிய கவலை.

நெடுநாள் மிகுதியாகப் புகைத்தவர்களிடம் ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 விழுக்காடு குறைகின்றன என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. காசநோய்த் தழும்புகள் மிகுந்த நம் நாட்டில் அந்த ஸ்கேனைப் படிக்க அனுபவமுள்ள கண் வேண்டும். தொழிலைப் பொறுத்தவரை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமென உறுதியானது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். தோல் பதனிடப் பெரும்பாலும் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட உப்பு. இந்த வேறுபாட்டால் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம். சிகரெட்டுக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை, அதை இந்த வாரமே விடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருமலோ, சளியில் ரத்தமோ இருந்தால் பேக்கேஜுக்குச் செல்லாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். காசநோய் என்று மருந்து தொடங்கினால், சளிப் பரிசோதனையில் அது உறுதியானதா என்றும் கேளுங்கள். காசநோய் என்றே எண்ணி மாதக்கணக்கில் காத்திருந்து காலம் கடந்து வந்த நுரையீரல் புற்றுநோயாளிகளை இந்தப் பகுதியில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 'பெட் ஸ்கேன்' படத்தில் அம்மாவின் நுரையீரல் கட்டி சர்க்கரையை இழுத்து ஒளிர்வதாகச் சொன்னார்கள். அப்படியானால் சோறும் சர்க்கரையும் நிறுத்திவிட்டால் கட்டி பட்டினியாகி வாடாதா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: நல்ல தர்க்கம்தான், ஆனால் உடல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஸ்கேனுக்கு முன் ஏற்றும் மருந்து குளுக்கோஸைப் போன்ற, கதிரியக்கம் கொண்ட ஒரு பொருள். உயிரணுவுக்குள் நுழைந்ததும் ஹெக்ஸோகைனேஸ் என்னும் நொதி அதில் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அதற்குப் பின் அது முன்னேயும் போகாது, வெளியேயும் வராது. அந்த நொதி மிகுந்த கட்டி ஒளிர்கிறது. காசநோய்க் கட்டிகளும் இப்படி ஒளிர்வதுண்டு. சோற்றை நிறுத்தினாலும் கல்லீரல் சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். முதலில் வாடுவது அம்மாவின் தசைகளே. எடை குறைந்தவர்களுக்குக் கீமோதெரபியைத் தாங்கும் வலு குறையும் என்பதால், சோறு, பருப்பு, முட்டை, மோர் என்று வயிறாரக் கொடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், அடுத்த ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் இன்சுலின் அளவையும் அங்கே சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் படம் மங்கிவிடும்.