வேலையும் ப்ரீ-மெட்டும் (அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் கல்லூரிப் படிப்பு): இந்த மாதக் கேள்விகள்

15 கிரெடிட் எடுத்திருக்கிறேன். வாரம் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம்?

என்னென்ன பாடங்கள் என்று எழுதாமல் இதைக் கேட்டால் நான் என்ன சொல்வது? தாளில் லேப் ஒரு கிரெடிட்தான், ஆனால் மதியம் 1 மணிக்கு உள்ளே போனால் 4, 5 ஆகிவிடும், ரிப்போர்ட் எழுதும் இரவு தனிக்கணக்கு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் ஃபிசிக்ஸும் லேபோடு ஒரே செமஸ்டரில் இருந்தால் 10, 12 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். லேசான செமஸ்டர் என்றால் 15, போனால் 20. வேலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், டிரான்ஸ்கிரிப்டில் ஏறிய கிரேடை மாற்ற முடியாது.

நைட் ஷிஃப்ட் பார்த்து ஜெனரல் கெமிஸ்ட்ரியில் D வாங்கிவிட்டேன். திரும்ப எடுத்தால் அது அழிந்துவிடும்தானே?

அழியாது. உங்கள் கல்லூரி புதிய கிரேடை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ் இரண்டையும் சேர்த்துத்தான் ஜிபிஏ, அதாவது சராசரி கிரேடு, போடும். திரும்ப எடுங்கள், ஆனால் ஷிஃப்டைக் குறைத்த பிறகு. அடுத்த முறை மூழ்குவது தெரிந்தால் கடைசித் தேதிக்குள் பாடத்தை விட்டுவிடுங்கள். அப்படி விட்ட பாடத்துக்கு விழும் W என்ற குறி ஜிபிஏவில் சேராது. 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் உதவித்தொகை என்னாகும் என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் எஃப்-1, அதாவது மாணவர் விசாவில் இருக்கிறேன். மாமா கடையில் வார இறுதியில் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யலாமா?

கூடவே கூடாது. வகுப்பு நடக்கும் நாட்களில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான். இன்னொன்று, அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. எவை சேர்க்கின்றன என்று இப்போதே பட்டியல் போடுங்கள்.

மகள் மூன்று வருடமாக மளிகைக்கடையில் கேஷியர். விண்ணப்பத்தில் அதை விட்டுவிட்டு, கோடையில் இரண்டு வார வெளிநாட்டு மருத்துவ முகாமுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறோம்.

அனுப்பாதீர்கள். வருடா வருடம் இதைச் சொல்லி வருகிறேன், வருடா வருடம் யாராவது ஒரு பெற்றோர் பல்லாயிரம் டாலர் கட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள். பயிற்சியே இல்லாத பிள்ளை முகாமில் ஊசி போட்டதாக எழுதினால் அது தகுதி ஆகாது, அந்த நோயாளியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஆம்காஸில் 15 அனுபவங்கள் எழுதலாம், மூன்றை முக்கியமானவை என்று குறித்து நீட்டி எழுதலாம், சம்பள வேலைக்கு அதில் தனி வகையே இருக்கிறது. படிக்கும்போது சம்பாதிக்க வேண்டியிருந்ததா என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் 3.5 ஜிபிஏ வெறும் 3.5 ஆகத்தான் நிற்கும். என்னிடம் வந்த ஒரு பெண்ணும் கேஷியர் வேலையை மறைத்திருந்தாள். தோண்டிக் கேட்டதில் ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாள். வாரா வாரம் வருவார், பில் போட்டதும் தொகையைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பார், முதலில் பழம், அப்புறம் பால், சர்க்கரை நோய் மாத்திரையை மட்டும் கையிலேயே வைத்திருப்பார். ஏழ்மை உடம்பை என்ன செய்யும் என்பதை அந்தக் கவுன்டரில் நின்று பார்த்தவள் அவள். அதை எழுதச் சொன்னேன். உங்கள் மகளிடமும் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும், உட்கார வைத்துக் கேளுங்கள். நோயாளிகளோடு பழக வேண்டும் என்றால் உள்ளூர் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் போதும்.

எந்த வேலைக்குப் போகலாம்: ஸ்க்ரைபா (டாக்டருக்குக் குறிப்பு எழுதுபவர்), இஎம்டியா (ஆம்புலன்ஸில் அவசர உதவி செய்பவர்)?

இஎம்டிக்கு முதலில் சுமார் 150 மணி நேரப் பயிற்சி, அதைக் கோடையில் முடிக்க முடிந்தால் இஎம்டி. இல்லையென்றால் ஸ்க்ரைப். சம்பளம் குறைவு, ஆனால் டாக்டர் எப்படி யோசிக்கிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்தே தெரியும்.

முழுநேர வேலையோடு இரண்டு மாதத்தில் மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதிவிடலாமா?

இடைவேளையோடு ஏழரை மணி நேரத் தேர்வு அது. வேலை இருந்தால் ஐந்தாறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், சும்மா எழுதிப் பார்க்கிறேன் என்று போகாதீர்கள், எல்லா மதிப்பெண்ணும் கல்லூரிகளுக்குத் தெரியும். பணம்தான் அவசரத்துக்குக் காரணம் என்றால் எம்கேட் நடத்தும் ஏஏஎம்சியின் கட்டண உதவிக்கு விண்ணப்பியுங்கள், தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்னால். கட்டிய பணம் திரும்பி வராது.