கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபி: கேள்வி பதில்

பாம்பன்: சிஸ்டர், பீரியட்ஸ் ஆன 8-ஆம் நாள் வரச் சொல்லியிருக்காங்க. ஒரு வாரம் தள்ளிப் போகலாமா?

தள்ளாதம்மா. உதிரம் நின்றபின், பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணிச் சுமார் 12-ஆம் நாள் வரை உள்தோல் மெல்லிசாக இருக்கும், சின்னப் பாலிப்கூட (உள்தோலில் வளரும் சதை) தெரியும். பிந்தினால் தடித்த தோலே பாலிப் போலத் தோன்றி ஏமாற்றும். கரு தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு.

தொண்டி: மயக்க ஊசி இல்லாமலே செய்வாங்களாமே, வலிக்குமா?

பார்க்க மட்டுமென்றால் குழாயின் தடிமன் 3 முதல் 5 மி.மீ.தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். ஒட்டிக்கிடக்கும் கர்ப்பப்பையை விரிக்க சலைன் (உப்பு நீர்) ஏற்றுவார்கள். அடிவயிறு சுருட்டிப் பிடிப்பது அப்போதுதான். பிரசவம் ஆகாதவர்களுக்கும் மாதவிலக்கு நின்றவர்களுக்கும் கர்ப்பவாய் இறுக்கமாக இருப்பதால் வலி கூடலாம். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே, சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். தாங்க முடியவில்லையா, "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். பல்லைக் கடித்துப் பொறுக்கவே வேண்டாம், இன்னொரு நாள் மயக்கத்தில் செய்துகொள்ளலாம். மயக்கம் என்றால் மட்டும் 6 மணி நேரம் சாப்பாடு கூடாது, கடைசி 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது. பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். திரும்பும்போது துணைக்கு ஆள் வேண்டும்.

மண்டபம்: நான் கடல்பாசி எடுக்கப் போறவ. எப்ப கடல்ல இறங்கலாம்?

கசிவு முழுக்க நின்றபின், குறைந்தது ஒரு வாரம் கழித்து. அதுவரை கர்ப்பவாய் வழியே கிருமி ஏறலாம். தாம்பத்தியமும், அக்னி தீர்த்தத்தில் முங்கிக் குளிப்பதும் அதற்குப் பிறகுதான். வீட்டில் மொண்டு ஊற்றிக் குளிக்கலாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கெட்ட வாடை, ஒரே மணி நேரத்தில் நாப்கின் நனைவது, ஏறிக்கொண்டே போகும் வலி, வயிறு உப்பல்: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கீழக்கரை: கட்டியை எடுக்கும்போது என்ன ஆபத்து?

அரிதாகக் கர்ப்பப்பையில் ஓட்டை விழலாம். பெரும்பாலும் தானே ஆறிவிடும், கண்காணிப்பில் வைப்பார்கள். இன்னொன்று, ஏற்றும் நீர் ரத்தத்தில் சேர்வது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்துகொண்டே இருப்பார்கள். சலைனில் வித்தியாசம் 2,500 மி.லி., கிளைசின் கலந்த நீரில் 1,000 மி.லி. தொட்டால் நிறுத்த வேண்டும். இதய, சிறுநீரக நோய் இருந்தால் வரம்பு இன்னும் குறைவு. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தேவிபட்டினம்: அம்மாவுக்கு 58 வயசு. மாதவிலக்கு நின்னு ஆறு வருஷம் கழிச்சு ஒரே ஒரு நாள் உதிரம் பட்டுச்சு. இதுக்கும் பார்க்கணுமா?

ஒரு துளி என்றாலும் பார்த்தே ஆகணும். பெரும்பாலும் தோல் வறண்டதோ பாலிப்போதான், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் முதலில் காட்டும். முதலில் ஸ்கேன் எடுப்பார்கள், தேவைப்பட்டால் கேமரா. சதை எடுத்தால் பயாப்சிக்கு (லேப் பரிசோதனைக்கு) அனுப்பினார்களா என்று கேளுங்கள், ரிப்போர்ட் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.